செல்ஃப் ஏன் எடுக்கல? நாலு சத்தம், நூறு வருஷக் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

டக்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட், காலை எட்டரை மணி. சாவியைத் திருப்புறீங்க. டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியுது, ஆனா எஞ்சின் சுத்தல. வெறும் டக். திரும்பவும் திருப்பினா திரும்பவும் டக். மெக்கானிக்குக்கு போன் போட்டா அவர் கேக்குற முதல் கேள்வி: "செல்ஃப் எடுக்குதா?"

அந்த "செல்ஃப்"ங்கிற வார்த்தையே ஒரு தொல்லியல் பொருள் மாதிரிதான். 1910களில் அமெரிக்காவில் இந்தக் கருவி வந்தபோது அதை "செல்ஃப் ஸ்டார்ட்டர்"னு விளம்பரம் பண்ணாங்க. வண்டி தன்னைத்தானே கிளப்பிக்கும், வெளியே நின்னு யாரும் சுத்த வேண்டாம்னு அர்த்தம். பின்னாடி அந்த ஊர்க்காரங்க "செல்ஃப்"பைக் கழட்டிவிட்டுட்டு "ஸ்டார்ட்டர்"னு சொல்லப் பழகிட்டாங்க. நாம "ஸ்டார்ட்டர்"ரைக் கழட்டிவிட்டுட்டு "செல்ஃப்"பை வெச்சுக்கிட்டோம். எது முக்கியமான பாதின்னு நமக்குத்தான் சரியாப் புரிஞ்சிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

செல்ஃப் எடுக்காத கார் பொதுவா நாலு விதமாத்தான் பேசும். ஒரே ஒரு டக். மூச்சுவிடாம டகடகடக. எஞ்சின் சுத்தாம மோட்டார் மட்டும் ஊய்ங்னு ஓடுறது. நாலாவது, சத்தமே இல்லாத மௌனம். இந்த நாலும் வேற வேற காலத்துல அந்த அமைப்புக்குள்ள வந்து சேர்ந்த பாகங்கள்ல இருந்து வருது. எது எப்ப, எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சா, எதை முதல்ல பார்க்கணும்னும் தெரிஞ்சிடும். தெரியலைன்னா, 200 ரூபாய் டெர்மினல் பிரச்சினைக்குப் புது மோட்டாரே வாங்கிக் கொடுத்துட்டு வருவோம்.

கைப்பிடிக் காலம்

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதால தானா ஆரம்பிக்க முடியாது. காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுத்து, அமுக்கி, அப்புறம்தான் பொறி வைக்க முடியும். அந்த முதல் இழுப்புக்கும் முதல் அமுக்கலுக்கும் வெளியிலிருந்து யாராவது சுத்திவிடணும். நீராவி காருக்கு இந்தத் தொல்லை இல்ல. மின்சார காருக்கு சுத்தமா இல்ல.

மின்சார காரா, அந்தக் காலத்துலயான்னு கேக்கலாம். 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பைப் பாருங்க. அங்க தயாரான 4,192 கார்கள்ல 1,681 நீராவி, 1,575 மின்சாரம். பெட்ரோல் வெறும் 936. கடைசி இடம்! அதுக்குப் பல காரணம் இருந்துச்சு, அதுல ஒண்ணு முன்பக்கம் தொங்கின அந்த இரும்புக் கைப்பிடி.

கிராங்க் ஹேண்டிலைச் சுத்தும்போது பொறி கொஞ்சம் முன்னாடியே விழுந்துட்டா எஞ்சின் எதிர்த் திசையில உதைக்கும். கைப்பிடி உங்க கையோட சேர்ந்து திரும்பும். அதனால ஓட்டக் கத்துக்கிட்டவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே கட்டைவிரலை எங்க வைக்கிறதுங்கிறதுதான். மத்த விரல்களோட ஒரே பக்கமா வைக்கணும், பிடிக்குக் குறுக்கே சுத்திப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேல இழுக்கணும், மேலிருந்து கீழ அழுத்தக் கூடாது. மறந்தா மணிக்கட்டு போயிடும். மணிக்கட்டுக்கு மேல, கட்டைவிரல் பக்கம் இருக்கிற எலும்பு முனை உடையுறதுக்கு எலும்பு மருத்துவப் புத்தகங்கள்ல இன்னைக்கும் "ஷோஃபர் ஃப்ராக்சர்"னு பேர் இருக்கு. ஷோஃபர்னா கார் ஓட்டுநர். ஒரு தொழிலோட பேர்ல ஒரு எலும்பு முறிவு இருக்கணும்னா, அது எத்தனை பேருக்கு நடந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுல பெண்கள் கதையும் இருக்கு. மின்சார கார் கம்பெனிகள் "சுத்த வேண்டாம், நாத்தம் இல்ல"ங்கிற மாதிரி சொல்லி, குறிப்பா வசதியான வீட்டுப் பெண்களைக் குறிவெச்சு வித்தாங்க. ஹென்றி ஃபோர்டோட மனைவி கிளாரா ஓட்டினது அவர் கணவர் தயாரிச்ச மாடல் டி இல்ல, டெட்ராய்ட் எலக்ட்ரிக் கம்பெனியோட மின்சார கார்!

இந்த இடத்துல வழக்கமா ஒரு சோகக் கதை சொல்வாங்க. பைரன் கார்ட்டர்ங்கிற கார் தயாரிப்பாளர், டெட்ராய்ட்ல பெல் ஐல் தீவுக்குப் போற பாலத்துல வண்டி நின்னுபோன ஒரு பெண்ணுக்கு உதவி பண்ணப் போனார். கைப்பிடி திருப்பி அடிச்சு தாடை உடைஞ்சு, அதுலயிருந்து தேறாமலே இறந்துட்டார். அந்த வண்டி ஒரு கேடிலாக். கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் அவரோட நண்பர். மனசு உடைஞ்ச லேலண்ட், கைப்பிடியை ஒழிச்சே தீரணும்னு முடிவு பண்ணார். இப்படிப் போகும் கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பரவலாச் சொல்றப்ப இதை 1910 குளிர்காலத்துல வைக்கிறாங்க, கார்ட்டர் இறந்ததோ 1908ல. அதனால நான் இந்தக் கதையை ஒரு கை தள்ளியேதான் வெச்சிருக்கேன். கைப்பிடியை ஒழிக்க ஒருத்தர் சாவு தேவைப்படல, அத்தனை பேரோட மணிக்கட்டே போதும்.

கல்லாப்பெட்டிக்காரர்

கைப்பிடிக்கு மாத்துத் தேடினவங்க நிறைய பேர். அமுக்கின காத்து, சுருள்வில், அசிட்டிலீன் வாயுன்னு எல்லாத்தையும் முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. மின்சார மோட்டாரும் புது யோசனை இல்ல. கிளைட் கோல்மேன்ங்கிற அமெரிக்கர் 1903லயே அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா நடைமுறைக்கு வரல. ஏன்னா கணக்கு இடிச்சுது. எஞ்சினைச் சுத்துற அளவுக்கு பலமான மோட்டார்னா அது எஞ்சின் சைஸ்லயே இருக்கும், அதுக்கு ஏத்த பேட்டரியைத் தூக்கவே இன்னொரு வண்டி வேணும்.

இந்தக் கணக்கை உடைச்சவர் கார் துறைக்காரரே இல்ல. சார்லஸ் கெட்டரிங், ஒஹையோ மாநிலத்துல டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில வேலை பார்த்தவர். அங்க அவர் கையால சுத்துற கல்லாப்பெட்டிக்கு மின்சார மோட்டார் வெச்சார். கல்லாப்பெட்டி நாள் முழுக்க ஓடாது. பில் போடும்போது ஒரு நொடி ஓடும், நிக்கும். மோட்டாரோட சைஸை நிர்ணயிக்கிறது பெரும்பாலும் சூடுதான். தொடர்ந்து ஓடினா உள்ள கம்பிச்சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும்ங்கிறதுதான் கணக்கு. ஒரு நொடிதான் ஓடப்போகுதுன்னா, அது தாங்குறதைவிடப் பல மடங்கு கரண்டை ஒரு சின்ன மோட்டாருக்குள்ள விடலாம். சூடு ஏறுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

1909ல எட்வர்ட் டீட்ஸ்ங்கிறவரோட சேர்ந்து டெல்கோ கம்பெனியை ஆரம்பிச்ச கெட்டரிங், அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1911ல கேடிலாக்குக்குச் செஞ்சு காட்டினார். 1912 மாடல் கேடிலாக்ல அது கம்பெனி ஃபிட்டிங்காவே வந்தது. ஒரே இயந்திரம்தான் கிளப்புற மோட்டாராகவும், ஓடும்போது சார்ஜ் பண்ற டைனமோவாகவும் இருந்தது. கிளப்பும்போது பேட்டரிகளை வரிசையாக் கோத்து 24 வோல்ட், லைட்டுக்கும் சார்ஜுக்கும் 6 வோல்ட். இதுக்காக கேடிலாக்குக்கு பிரிட்டனோட டீவர் கோப்பை கிடைச்சது. கெட்டரிங்குக்கு 1915ல காப்புரிமை வந்துச்சு.

மாடல் டி மட்டும் பிடிவாதமா நின்னுச்சு. ஃபோர்டு அதுல எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொடுத்தது 1919லதான். அதுக்குள்ள மின்சார கார் சந்தை சரிய ஆரம்பிச்சிருந்தது. எளிதா கிளம்புதுங்கிற அதோட பெரிய பலத்தை, பெட்ரோல் கார் ஒரு சின்ன மின்சார மோட்டாரை உள்ள வெச்சே பறிச்சுக்கிச்சு. இதைவிடக் கிண்டலான திருப்பத்தை நான் தொழில்நுட்ப வரலாற்றுல அதிகம் பார்த்ததில்ல.

இப்ப உங்க பேஸ்மென்டுக்கு வருவோம். கெட்டரிங் பண்ண அந்தப் பேரம் இன்னைக்கும் உங்க பானட்டுக்குள்ள இருக்கு. ஒரு சாதாரண பெட்ரோல் காரோட செல்ஃப் மோட்டார் தண்ணி பாட்டில் சைஸ்தான். ஆனா எஞ்சினைச் சுத்தும்போது 100ல இருந்து 200 ஆம்பியர் இழுக்கும். ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கிறதே பத்து ஆம்பியர் சுமார்தான். அதனாலதான் சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே நிக்கக் கூடாது. ஐந்தாறு நொடி, அப்புறம் விட்டுடுங்க. ஒரு நிமிஷமாவது ஆற விடுங்க. அது நொடிக்கணக்குல வேலை செய்யப் பிறந்த மோட்டார்.

இன்னொரு விஷயமும் இதுல இருந்து வருது. என்னைக் கேட்டா இந்த எபிசோடுல இதுதான் காசுக்கு மதிப்பானது. பேட்டரி டெர்மினல்ல பச்சையோ வெள்ளையோ பூத்திருக்குன்னு வைங்க. அந்த இடத்துல ஒரு ஓம்ல 50ல ஒரு பங்குதான் தடை இருக்கு. பத்து ஆம்பியர் ஹெட்லைட்டுக்கு அதுல வீணாகுறது 0.2 வோல்ட். கண்ணுக்கே தெரியாது, லைட் ஜம்முன்னு எரியும். அதே இடத்துல 150 ஆம்பியர் போகணும்னா 3 வோல்ட் வீணாகும். மோட்டாருக்குப் போய்ச் சேர்றது அந்த அளவுக்குக் குறைஞ்சிடும். அதனால "லைட் எல்லாம் எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மோட்டார்தான் போச்சு"ன்னு யாராவது சொன்னா, அந்த வாக்கியத்துல முதல் பாதி ரெண்டாவது பாதிக்குச் சாட்சி ஆகாது.

இதை மல்ட்டிமீட்டர்ல ஓம் வெச்சுப் பார்த்தா பிடிபடாது, இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும். வோல்ட்ல வெச்சு, ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் முனையிலயும் இன்னொண்ணை எஞ்சின் உடம்புல சுத்தமான இரும்புலயும் வைங்க. இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர்லயோ டெர்மினல்லயோதான் கோளாறு, மோட்டாரைத் தொட வேண்டாம். பேட்டரியையும் அப்படியே பாருங்க. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம்.

ஊய்ங்

மோட்டார் வந்தாச்சு, ஆனா அதை எஞ்சினோட எப்படிக் கோக்குறது? மோட்டார் முனையில ஒரு சின்னப் பல்சக்கரம், எஞ்சின் ஃப்ளைவீலைச் சுத்தி ஒரு பெரிய ரிங் கியர். கிளப்பும்போது ரெண்டும் பல்லோட பல் கோக்கணும். எஞ்சின் கிளம்பின அடுத்த கணம் பிரிஞ்சாகணும், இல்லைன்னா எஞ்சின் மோட்டாரைப் பல மடங்கு வேகத்துல சுத்தி நொறுக்கிடும்.

இதுக்கு அழகான விடை சொன்னவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். மோட்டார் தண்டுல ஸ்க்ரூ மாதிரி மரை வெட்டி, அதுல சின்னச் சக்கரத்தைத் தளர்வா மாட்டினார். தண்டு திடீர்னு சுத்தினா சக்கரம் கனத்தால பின்தங்கும், மரையில ஊர்ந்து முன்னாடி போய் ரிங் கியர்ல கோத்துக்கும். எஞ்சின் கிளம்பி வேகமாச் சுத்தினா அதே மரை அதைப் பின்னாடி தள்ளிடும். யாரும் எதையும் இழுக்க வேண்டாம். 1914 ஷெவர்லே பேபி கிராண்ட்ல இது வந்தது. இன்னைக்குக் கார்கள்ல இருக்கிறது வேற அமைப்பு, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச் வெச்சது. ஆனாலும் நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதையும் "பெண்டிக்ஸ்"னுதான் சொல்வார்.

ஊய்ங்னு மோட்டார் ஓடுது, எஞ்சின் அசையலைன்னா கோளாறு இங்கதான். அந்தக் கிளட்ச் வழுக்குது, இல்ல ரிங் கியர்ல பல் தேஞ்சிருக்கு. பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்ல.

டக், டகடகடக

ஆரம்பத்துல 200 ஆம்பியர் கரண்டை மூடித் திறக்கிற சுவிட்சைக் காலாலதான் அழுத்தினாங்க. மாடல் டி-ல அது தரையில குதிகாலுக்குப் பக்கத்துல இருக்கும். தடிமனான கேபிள் அந்த சுவிட்சு வழியாப் போகணும். அந்த வேலையை சொலினாய்டு எடுத்துக்கிட்ட பிறகு, டிரைவர் தொடுற சுவிட்சுல சின்னக் கரண்டு போனாப் போதும். சொலினாய்டுங்கிறது ஒரு மின்காந்தம். உள்ள ஒரு இரும்பு உருளையை இழுக்கும். இன்னைக்கு இருக்கிற அமைப்புல அது ரெண்டு வேலை செய்யுது. ஒரு முனையில பல்சக்கரத்தை ரிங் கியருக்குத் தள்ளுது, மறுமுனையில ஒரு செம்புத் தகட்டை ரெண்டு கான்டாக்ட் மேல அழுத்தி மோட்டாருக்குக் கரண்டை விடுது. நீங்க கேக்குற "டக்" இந்த உருளை போய் இடிக்கிற சத்தம்.

ஒரே டக், அப்புறம் ஒண்ணும் இல்லன்னா, சாவியில இருந்து சொலினாய்டு வரைக்கும் எல்லாம் சரி. அதுக்கு அப்புறம்தான் அறுந்திருக்கு. கான்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம், கேபிள் லூஸா இருக்கலாம். இதைப் பிரிச்சுப் பார்க்க ஒரு எளிய வழி: ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க. டக் வந்தும் லைட் கொஞ்சம்கூட மங்கலைன்னா மோட்டாருக்குள்ள கரண்டே போகலை, அப்ப கான்டாக்ட் அல்லது கார்பன். லைட் சுத்தமா அணையிற மாதிரி ஆச்சுன்னா பேட்டரி, டெர்மினல். பேட்டரி நல்லா இருந்தும் லைட் ரொம்ப மங்குதுன்னா மோட்டாரோ எஞ்சினோ இறுகிப் போயிருக்கு.

மோட்டாரை ஸ்பேனரால தட்டினா எடுக்கும்னு சொல்வாங்க. உண்மைதான், சிக்கிக்கிட்ட கார்பன் நகர்ந்து கொடுக்கும். ஆனா நிறையப் புது மோட்டார்கள்ல உள்ள நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும், ஓங்கித் தட்டினா அது உடையும். மெதுவா ஒரு தடவை தட்டி, வண்டி எடுத்தா நேரா ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க.

டகடகடக வேற. அதுல ஒரு குட்டி நாடகமே நடக்குது. பலவீனமான பேட்டரி சொலினாய்டை இழுத்துடும், அதுக்கு அதிகக் கரண்டு வேண்டாம். கான்டாக்ட் மூடின உடனே மோட்டார் நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கேக்கும். வோல்ட்டேஜ் தடால்னு விழும். சொலினாய்டு பிடி விட்டுடும். மோட்டார் விலகினதும் பேட்டரி மூச்சு வாங்கி எழும், திரும்ப இழுக்கும். நொடிக்குப் பல தடவை. இது கேட்டா முதல்ல பேட்டரி, அப்புறம் டெர்மினல். மோட்டாரை மாத்தச் சொல்ற ஆள்கிட்ட இருந்து நைசா நழுவிடுங்க.

மௌனம்

சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கிற பழக்கத்தை கிறைஸ்லர் 1949ல கொண்டுவந்தது. அது பரவினப்புறம், அந்த மெல்லிய கம்பி வழியில ஒவ்வொரு காவலாளியா வந்து நின்னாங்க. கியர்ல இருக்கும்போது செல்ஃப் எடுக்கக் கூடாதுன்னு ஒரு சுவிட்ச். கிளட்ச் மிதிச்சாத்தான் எடுக்கும்னு இன்னொண்ணு. ரிலே, ஃப்யூஸ். கடைசியா திருடனைத் தடுக்க இம்மொபிலைசர். லைட் பளிச்சுன்னு எரிஞ்சும் சத்தமே இல்லைன்னா இந்தக் காவலாளிகள்ல ஒருத்தர் வழிவிடல. ஆட்டோமேட்டிக் வண்டின்னா N-ல போட்டு முயற்சி பண்ணுங்க. மேனுவல்னா கிளட்சைக் கடைசி வரை மிதிங்க, ஃப்ளோர் மேட் கீழ சுருண்டு தடுக்குதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நடக்கிற விஷயம்தான். ரிமோட் சாவியோட குட்டி பேட்டரியையும் பாருங்க.

நம்ம ஊர் ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை கார் மூழ்கிச்சுன்னு பார்த்தோம். தண்ணி வடிஞ்சதும் கை தானா சாவிக்குப் போகும். போகக் கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா அதை அமுக்க முடியாது. செல்ஃப் அடிச்சா மோட்டாரோட பலம் முழுக்க கனெக்டிங் ராடு மேல இறங்கும். எஞ்சின் கிளம்பிட்டா ராடு வளையவே செய்யும். டக்னு நின்னுட்டா திரும்ப அடிக்காதீங்க. பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க.

இந்தக் கதையில சென்னைக்கு இன்னொரு பங்கும் இருக்கு. பிரிட்டனோட லூகாஸ் கம்பெனியும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து 1960களின் தொடக்கத்துல உருவாக்கின லூகாஸ்-டிவிஎஸ் பாடியில செல்ஃப் மோட்டார் செய்ய ஆரம்பிச்சது. அந்த பஸ் ஸ்டாப் பேரே இன்னைக்கும் அதுதான். அப்ப ரோட்டுல ஓடின அம்பாசடர்ல செல்ஃபும் இருந்துச்சு, முன்பக்கம் கைப்பிடி விடுற ஓட்டையும் இருந்துச்சு. வீட்டுல பெரியவங்க யாராவது அம்பாசடர் ஓட்டியிருந்தா கட்டைவிரலை எங்க வெச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க.

2015ல மாருதி, சியாஸ்ல எஸ்எச்விஎஸ்னு ஒண்ணு கொண்டுவந்தது. சிக்னல்ல நின்ன எஞ்சினைத் திரும்பக் கிளப்புறதும் சார்ஜ் பண்றதும் ஒரே இயந்திரம். 1912 கேடிலாக்ல கெட்டரிங் வெச்ச ஏற்பாடு அதேதான்.

எங்க வண்டி ஈவி, இந்தத் தலைவலி இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். செல்ஃப் மோட்டார் கிடையாது, சரிதான். ஆனா பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்சுகளை இயக்க உள்ள ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. அது செத்துட்டா, பெரிய பேட்டரி முழுச் சார்ஜ்ல இருந்தாலும் வண்டி உயிர் பிடிக்காது. அதோட டெர்மினல்லயும் பச்சை பூக்கும்.